துக்க வீட்டில் முதலில் யார் பேசுவது?

யூதர் வீட்டில் சாவு விழுந்தால் அடக்கம் முடிந்த பிறகு வாசல் கதவைப் பூட்டுவதில்லை. துக்கம் கேட்க வருபவர் மணி அடிக்க வேண்டாம், தட்டவும் வேண்டாம், நேரே உள்ளே போய்விடலாம். போனதும் 'ஷாலோம்' சொல்லக் கூடாது. பறிகொடுத்தவர்கள் தாழ்வான முக்காலியிலோ தரையிலோ உட்கார்ந்திருப்பார்கள். காலில் தோல் செருப்பு இருக்காது. ஆண்கள் சவரம் செய்திருக்க மாட்டார்கள். சட்டை மார்புப் பக்கம் கிழிந்திருக்கும். வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள். வந்தவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் வாய் திறக்கும்வரை இவர் வாய் திறக்கக் கூடாது. அவர் கடைசிவரை திறக்கவே இல்லையென்றால், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து, ஆறுதலுக்கென்று வகுத்து வைத்திருக்கும் ஒரே ஒரு எபிரேய வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

இப்படி ஏழு நாள். இதற்கு 'ஷிவா' என்று பெயர். எபிரேயத்தில் ஏழு, நம் சிவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய், தகப்பன், மகன், மகள், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவி ஆகியோரில் ஒருவரை இழந்தவர் இந்த ஏழு நாளும் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார வேண்டும். ஊர் அவரிடம் வர வேண்டும்.

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது நாமும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை. நம்மிடம் அது பார்த்துப் பழகிய வழக்கம். யூதர்களிடம் அது ஏட்டில் ஏறிய சட்டம். வந்தவர் எப்போது பேசலாம், எப்போது எழ வேண்டும், சாப்பாட்டை எதில் கொண்டுவர வேண்டும் என்று எல்லாவற்றையும் வாதாடி எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றியபோது ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதினார்கள். அதனால் ஏறக்குறைய 2000 ஆண்டுகளில் இந்த வழக்கத்தில் எது போனது, எது நின்றது, எது யாருடைய வசதிக்காக மாறியது என்று இன்றைக்கும் தடம் பிடிக்க முடிகிறது. அந்த 'யாருடைய வசதிக்காக' என்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

வாய் திறக்காத விதி விவிலியத்தில் வரும் யோபுவிடமிருந்து வந்தது. ஆடு மாடு போய், வேலையாட்கள் போய், வீடு இடிந்து விழுந்து பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்துப்போக, யோபு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் அவரவர் ஊரிலிருந்து பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள். தூரத்தில் வரும்போது அவர்களுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. அழுது, உடுப்பைக் கிழித்து, தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபித்ததும் இவர்கள் நாக்கும் அவிழ்ந்துகொள்கிறது. கடவுள் காரணமில்லாமல் தண்டிப்பாரா, நீ என்ன பாவம் செய்தாயோ என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசித் தீர்க்கிறார்கள். கடைசியில் கடவுளே அவர்கள்மேல் கோபப்படுகிறார். பிற்காலத்து ரபீக்கள், அதாவது யூத மத அறிஞர்கள், இந்த மூவரின் பேச்சை விட்டுவிட்டு, பேசாமல் இருந்த ஏழு நாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துச் சட்டமாக்கியவர் 3ஆம் நூற்றாண்டில் கலிலேயாக் கடலோரத்துத் திபேரியாவில் இருந்த ரபி யோகனான். துக்கப்பட்டவர் பேசத் தொடங்காமல் ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக் கூடாது என்பது, ரபீக்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத்தில் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. யோபுவைப் போலவே அவரும் பத்துப் பிள்ளைகளை வாரிக் கொடுத்தவர். பத்தாவது மகனின் சின்ன எலும்பு ஒன்றைக் கையிலேயே வைத்திருந்து, பாடுபடுகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவாராம். நீண்ட பேச்செல்லாம் இல்லை. எலும்பைக் காட்டி, இது என் பத்தாம் பிள்ளையுடையது என்பார், அவ்வளவுதான்.

இதே யோகனான் பின்னால் ஆறுதல் பெறும் பக்கத்திலும் உட்கார நேர்ந்தது. அவருடைய சகோதரியைக் கட்டியவரும், அவரோடு சேர்ந்து படித்தவருமான ரேஷ் லகீஷ் இறந்துபோனார். அந்தச் சாவுக்கு முன் இருவருக்கும் பெரிய மனத்தாங்கல் வேறு. யோகனான் உடைந்துபோனார். அவரைத் தேற்ற மற்ற ரபீக்கள் எலாசார் பென் பெதாத் என்ற கூர்மையான அறிஞரை அனுப்பினார்கள். எலாசார் எதிரே உட்கார்ந்து, யோகனான் சொல்வதற்கெல்லாம் 'நீங்கள் சொல்வது சரி, இதற்கு இன்ன ஆதாரமும் இருக்கிறது' என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். யோகனானுக்கு வந்ததே ஆத்திரம். ரேஷ் லகீஷ் இருந்திருந்தால் நான் சொன்ன ஒன்றுக்கு 24 மறுப்புச் சொல்லியிருப்பான், நான் 24 பதில் சொல்லியிருப்பேன், நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்லவா நீ வந்தாய் என்று கேட்டுவிட்டு, லகீஷின் மகனே எங்கே இருக்கிறாய் என்று கதறிக்கொண்டு திரிந்தார். புத்தி பேதலித்து இறந்தார் என்று தல்மூத் சொல்கிறது. நல்ல மனதோடு வந்த ஆள்தான் எலாசார். போனவரின் இடத்தை நிரப்பப் பார்த்தார். அதுதான் தப்பாகப் போனது.

இதே இருவரைப் பற்றி வேறோர் ஏட்டில் வேறொரு காட்சி வருகிறது. அதில் எலாசார் நோயாளி. வெளிச்சமில்லாத அறையில் படுத்திருக்கிறார். பார்க்கப் போன யோகனான் பெரிய அழகர். அவர் கையைத் திறந்ததும் அறையில் வெளிச்சம் பரவியதாம். எலாசார் அழுவதைப் பார்த்து, சரியாகப் படிக்கவில்லை என்றா, வசதி இல்லை என்றா, பிள்ளை இல்லை என்றா அழுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சமாதானமும் சொல்கிறார். எதுவும் இல்லை, இந்த அழகும் ஒரு நாள் மண்ணுக்குள் போய் மட்குமே என்றுதான் அழுகிறேன் என்கிறார் எலாசார். அதற்கு யோகனானிடம் பதில் இல்லை. அதற்கு அழ வேண்டியதுதான் என்று சொல்லி அவரும் அழுதார். இரண்டு பேரும் அழுதார்கள். ஆறுதல் சொல்லும் கலையைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

பேசிக் கெடுத்த கதைகளைத் தல்மூத் மறைக்கவும் இல்லை. ரேஷ் லகீஷின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ரபி ஹியா பார் அபாவின் குழந்தை இறந்தது. ரேஷ் லகீஷ் மறுநாள் தன் பேச்சாளரையும் அழைத்துக்கொண்டு போய், குழந்தையைப் பற்றி ஏதாவது சொல் என்றார். அந்த மனிதர் எழுந்து, பெற்றவர்கள் கடவுளைக் கோபப்படுத்தினால் பிள்ளைகள் சிறுவயதில் சாவார்கள் என்ற பொருளில் ஒரு வேத வசனத்தை விரித்துப் பேசினார். அங்கே தல்மூத்தே குறுக்கிட்டு, தேற்ற வந்தானா நோகடிக்க வந்தானா என்று கேட்கிறது. பிறகு ஏதோ சமாதானம் சொல்லி மூடுகிறது. பாபிலோனியாவில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரவ் பாப்பா, துக்க வீட்டுக்குப் போவதன் புண்ணியமே பேசாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டார்.

இதையெல்லாம் வைத்து அன்றைய யூதர்கள் வாய்மூடிச் செத்தவரை அனுப்பினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சாவு நாள் சத்தமான நாள். சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட சட்ட நூலான மிஷ்னாவில், இஸ்ரவேலில் எவ்வளவு ஏழையானாலும் மனைவியின் சாவுக்கு இரண்டு குழல்காரர்களும் ஒப்பாரி வைக்க ஒரு பெண்ணும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரபி யூதா சொல்கிறார். ஒப்பாரிக்காரிகள் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறைக்கும், எல்லாரும் சேர்ந்து பாடும் முறைக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. செத்தவர் கண்ணெதிரே கிடக்கும்போது பிழைத்திருப்பவரைத் தேற்றப் போகாதே என்ற அறிவுரையும் மிஷ்னாவில் உண்டு. அந்த நேரம் செத்தவருக்கானது. சத்தம் எல்லாம் அவருக்கு. அடக்கம் ஆனதும் சத்தம் நின்றுவிடும். அதன்பின் ஏழு நாள் இருப்பவருக்கானது. இன்று குழலும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. அழ வேண்டிய சத்தத்தை முதலிலேயே அழுது தீர்த்துவிட்டு வந்து அமைதியாக உட்காருவதும், அழாமலே வந்து அமைதியாக உட்காருவதும் ஒன்றாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, மாற்றங்களுக்கு வருவோம். முதலில் நடந்தவை எல்லாம் ஏழைக்காக நடந்தவை. தல்மூத்தில் 'ஆதியில் இப்படி இருந்தது, பிறகு இப்படி ஆக்கினார்கள்' என்று வரிசையாக ஒரு பட்டியல் இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்ததும் துக்க வீட்டார் முதல் வேளை தங்கள் சோற்றைச் சாப்பிடக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பணக்காரர் வீட்டுக்கு வெள்ளித் தட்டிலும் பொன் கூடையிலும் கொண்டுபோனார்கள். ஏழை வீட்டுக்குப் பட்டை உரித்த அலரிக் கொம்பில் முடைந்த கூடை. ஏழைகள் கூசினார்கள். ஆகவே இனி எல்லா வீட்டுக்கும் கொம்புக் கூடைதான் என்று விதித்தார்கள். குடிக்கக் கொடுக்கும் கண்ணாடிப் பாத்திரத்திலும் இதே கதை. நிறமில்லாத கண்ணாடி அன்று விலை கூடியது, நிறக் கண்ணாடி மலிவு. எல்லாருக்கும் நிறக் கண்ணாடி என்றார்கள். பணக்காரப் பிணத்தின் முகத்தைத் திறந்து வைத்துக் கொண்டுபோனார்கள். பஞ்சத்தில் கறுத்துப்போன ஏழை முகங்களை மூடினார்கள். பிறகு எல்லா முகத்தையும் மூடினார்கள். பாடையும் அப்படித்தான், எல்லாருக்கும் ஏழையின் பாடை.

கோடித்துணிச் செலவு எங்கே போய் நின்றது என்றால், சாவைவிட அந்தச் செலவே பெரிய துக்கமாகி, சொந்தக்காரர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலை வந்துவிட்டது. செல்வாக்குள்ள குடும்பத்தவரான ரபான் கமாலியேல், தன்னைச் சாதாரண நார்த்துணியில் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அவருக்கே அதுதான் என்றானபின் ஊரும் அதற்கு மாறியது. ரவ் பாப்பா காலத்தில் ஒரு காசு பெறும் முரட்டுத் துணியே போதும் என்று வந்துவிட்டது. ஏறுவரிசையில் போய்க்கொண்டிருந்த ஒரு சடங்கைப் பணக்காரர்கள் பக்கமிருந்தே கீழே இறக்கி, ஏழைக்குத் தகுந்த மட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். சடங்குகளின் வரலாற்றில் இப்படி இறங்குவது அபூர்வம். பதினாறாம் நாள் விருந்தின் இலை எண்ணிக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் கூடிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கும் நமக்கு இது நன்றாகவே விளங்கும்.

அந்த முதல் வேளைச் சாப்பாட்டில் அவித்த முட்டையும் பயறும் இருக்கும். பயறு ஏனென்றால், மற்ற பருப்பு வகைகளைப் போல அதற்கு நடுவில் பிளவு இல்லை, வாய் இல்லை. துக்கப்பட்டவனுக்கும் வாய் இல்லை என்கிறது தல்மூத். முட்டை இன்றும் நிற்கிறது, பயறும் பல வீடுகளில் நிற்கிறது.

அடுத்து ஒரு காலம் வந்தது. அதில் மாற்றங்கள் பக்கத்து வீட்டுக்காரனின் கண்ணுக்குப் பயந்து நடந்தன. பழைய காலத்தில் துக்க வீட்டில் எல்லாக் கட்டிலையும் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார்கள், படுப்பார்கள். துக்கப்பட்டவர் தலையையும் மோவாயையும் துணியால் சுற்றிக்கொள்வார். இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் கிறிஸ்தவர்களுக்கு நடுவே வாழ்ந்தார்கள். கவிழ்த்துக் கிடக்கும் கட்டிலை வேலைக்காரரோ அண்டை வீட்டாரோ பார்த்தால் சூனியம் வைக்கிறார்கள் என்று நினைப்பார்கள் என்ற பயத்தால் அதை விட்டார்கள் என்று உரையாசிரியர்கள் எழுதினார்கள். தலையைச் சுற்றிக்கொண்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அதையும் விட்டார்கள். கட்டில் போய்த் தாழ்ந்த முக்காலி வந்தது. சிறுபான்மையாக வாழ்பவனுக்குத் துக்கத்தைக்கூடப் பிறர் பார்வைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எருசலேம் ஆலயம் இருந்த நாளில் இதற்கு நேர் எதிராக இருந்தது. ஆலயத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் வலப்பக்கமாகச் சுற்றி வருவார்கள். துக்கத்தில் இருப்பவர் மட்டும் இடப்பக்கமாக வருவார். எதிரே வருகிறவர், முன்பின் தெரியாதவரானாலும், ஏன் இடப்பக்கம் வருகிறாய் என்று கேட்பார். துக்கத்தில் இருக்கிறேன் என்று பதில் வரும். இந்த வீட்டில் வாழ்கிறவர் உன்னைத் தேற்றுவாராக என்று சொல்லிவிட்டுக் கேட்டவர் நகர்ந்துவிடுவார். யார் செத்தது, எப்படி, என்ன வயது என்ற விசாரணை இல்லை. கூட்டத்துக்கே எதிராக நடப்பதால் துக்கம் தானாக வெளியே தெரிந்துவிடும். இன்று அமெரிக்காவில் பெரும்பாலோர் சட்டையைக்கூடக் கிழிப்பதில்லை. அடக்க ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒரு கறுப்பு நாடாவைச் சட்டையில் குத்தி, அதை லேசாக வெட்டிவிடுகிறது. நல்ல சட்டை பிழைத்துக்கொள்ளும். தெருவில் போனால் அதைத் துக்கக் குறி என்று கண்டுகொள்ள ஆள் இல்லை.

20ஆம் நூற்றாண்டில், குறிப்பாக அமெரிக்காவில், வந்தவை எல்லாம் வருகிறவர்களின் வசதிக்கான மாற்றங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். மடக்கு நாற்காலி, தாழ்ந்த முக்காலி, ஏழு நாள் எரியும் மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அடக்க நிறுவனமே பெட்டியில் போட்டு வீட்டில் இறக்கிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கதவு திறந்தே கிடந்த காலம் போய், மதியம் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி, மாலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி என்று அறிவிப்பில் நேரம் போடுகிறார்கள். பறிகொடுத்தவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதால் அதில் நியாயம் உண்டு. அந்தக் குறித்த நேரத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து குவிவதால் வீடு ஒரு வரவேற்புக் கூடமாகிவிடுகிறது. மேசையில் மீன், பாலாடைக்கட்டி, பேகல், கேக். அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து துக்க வீட்டாரைச் சாப்பிட வைக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது துக்க வீட்டார் தட்டை நிரப்பி வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருக்கிறார்கள். எம்மா செலிக்மன் இயக்கிய 'ஷிவா பேபி' என்ற 2020ஆம் ஆண்டுப் படம் ஏறக்குறைய முழுக்க இப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. செத்தவர் யார் என்பதே கதாநாயகிக்குச் சரியாகத் தெரியாது. படிப்பு என்ன ஆச்சு, ஏன் இளைத்துவிட்டாய், கல்யாணம் எப்போது என்று சுற்றிலும் கேள்விகள். வாய் மூடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. நகைச்சுவைப் படம்தான் என்றாலும் அதைப் பார்த்துச் சிரித்த யூதர்கள் அந்த அறையை உள்ளும் புறமும் அறிந்தவர்கள்.

1969இல் மாரிஸ் லாம் என்ற ரபி சாவையும் துக்கத்தையும் பற்றிய யூத முறைகளை ஆங்கிலத்தில் ஒரு முழு நூலாக எழுதினார். பாட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயத்தைப் புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டிய நிலைக்கு அந்தத் தலைமுறை வந்திருந்தது.

ஏழு நாள் மூன்றானதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யூதர்களில் பழைய சட்டத்தைத் தளர்த்திக்கொண்ட சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த பலர் மூன்று நாளோடு எழுந்துவிடுகிறார்கள். ஒரே மாலையோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு. மூன்று நாள் என்ற கணக்கு தல்மூத்திலும் இருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. அன்றாடம் வேலை செய்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவன், மூன்று நாள் கழித்து வீட்டுக்குள்ளேயே மறைவாக வேலை செய்துகொள்ளலாம் என்று விலக்குத் தந்தார்கள். தந்த கையோடு, அவனை அந்த நிலைக்கு விட்ட அண்டை வீட்டாருக்குச் சாபம் என்று எருசலேம் தல்மூத் சேர்த்துவிட்டது. அதாவது ஒருவன் ஏழு நாள் உட்கார முடியாமல் போனால் குற்றம் அவனுடையது இல்லை, அவனுக்கு ஏழு நாள் சோறு போடாத ஊருடையது. இன்று மூன்று நாளோடு எழுந்து போகிறவன் பெரும்பாலும் அலுவலகத்துக்குப் போகிறான். யாரையும் யாரும் சபிப்பதில்லை. விடுப்பு அவ்வளவுதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று.

தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி தொலைபேசி வந்ததுமே எழுந்தது. பழைய சட்டத்தை விடாமல் காக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்த, நியூயார்க்கின் புகழ்பெற்ற ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் (1895-1986) இதற்குத் தெளிவாகத் தீர்ப்பு எழுதினார். துக்கம் கேட்பதில் இரண்டு கடமைகள் இருக்கின்றன: ஒன்று இருப்பவருக்கு, மற்றது செத்தவருக்கு. போன் செய்தால் முதல் கடமையில் ஒரு பங்கு கழியும். இரண்டாவதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். போக முடிந்தவன் போனோடு நிறுத்தக் கூடாது.

2020இல் பெருந்தொற்றால் போக முடிந்தவர் என்று யாருமே இல்லாமல் போயிற்று. துக்கத்தில் இருப்பவர் சொல்லும் காதிஷ் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் கூட வேண்டும். அந்த மார்ச் மாதம், சீர்திருத்தப் பிரிவுக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவு ரபீக்கள் நெருக்கடி காலத்துக்கென்று திரையில் கூடும் பத்துப் பேரையும் ஏற்றுக்கொள்ள வழி திறந்தார்கள். ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் 'ஜூம்' திரையில் ஷிவா உட்கார்ந்தார்கள். இஸ்ரேலில் இருக்கும் அத்தையும், மருத்துவமனையில் படுத்திருக்கும் மாமாவும், லண்டனில் இருக்கும் பேரனும் ஒரே நேரத்தில் முகம் காட்ட முடிந்தது. முன்பு எந்தத் தலைமுறைக்கும் இது வாய்க்கவில்லை. ஆனால் திரையில் ஐம்பது பேர் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாது. கோளாறு, இணைப்பு போய்விட்டது என்று நினைப்பார்கள். அதனால் ஒருவர் நடத்துநராகி, இப்போது இன்னார் பேசுவார், அடுத்து இன்னார் ஒரு நினைவைச் சொல்வார் என்று நிகழ்ச்சியாக்க வேண்டி வந்தது. வந்தவர்கள் பேசினார்கள், துக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டிருந்தார். யோகனானின் விதி அப்படியே தலைகீழாயிற்று. இன்னொரு பழைய விதியும் நினைவுக்கு வருகிறது: துக்கப்பட்டவர் தலையை அசைத்துப் போதும் என்று காட்டிவிட்டால் வந்தவர்கள் அதற்குமேல் இருக்கக் கூடாது. தபால்தலை அளவு முகத்தில் அந்தத் தலையசைப்பை யார் கவனிப்பது? பெருந்தொற்று போன பிறகும் பல குடும்பங்கள் ஒரு மாலையை வீட்டிலும் ஒரு மாலையைத் திரையிலும் வைத்துக்கொள்கின்றன.

பத்துப் பேர் என்றதும் கொச்சி நினைவுக்கு வருகிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் இருக்கிறது. 1948க்குப் பிறகு கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேருவதே அங்கே முடியாமல் போயிற்று. யூதத் தெருவில் பூந்தையல் கடை வைத்திருந்த சாரா கோகன் 2019 ஆகஸ்டில் 96 வயதில் மறைந்தபோது பரதேசி யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணவர் போன பிறகு அவரைக் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சின்ன வயதில் அந்தத் தெருவில் அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்தவர். சாரா போன பிறகு அந்தக் கடையையும் அவரே நடத்தினார். பக்கத்தில் உட்காருபவர் பத்துப் பேர் கணக்கில் சேருகிறவரா என்று பார்க்கத் தெருவில் ஆளே இல்லாதபோது, இருக்கிற ஆள் உட்கார்ந்தார்.

இதுவரை படித்தவர் நான் பழசின் பக்கம் சாய்கிறேன் என்று நினைத்திருக்கலாம். பாதி உண்மை. அந்தப் பழைய ஏழு நாளில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. துக்கம் காக்கும் கடமை மகளுக்கும் உண்டு. ஆனால் பத்துப் பேரில் அவளை எண்ணுவதில்லை, காதிஷ் சொல்வதும் ஆண்களின் வேலை. 1916இல் ஹென்ரியெட்டா சோல்ட் என்ற அமெரிக்க யூதப் பெண்ணின் தாய் இறந்தார். எட்டுப் பெண்கள், ஆண் பிள்ளை இல்லாத வீடு. ஹைம் பெரெட்ஸ் என்ற குடும்ப நண்பர் தான் காதிஷ் சொல்கிறேன் என்று முன்வந்தார். மனம் நெகிழ்ந்து நன்றி சொன்ன சோல்ட், அதை மறுத்துக் கடிதம் எழுதினார். பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதை நானே செய்வேன், மகன் இல்லையே என்று எங்கள் அப்பா அம்மா ஒரு நாளும் குறைபட்டதில்லை என்பது அதன் சாரம். 1973இல்தான் கன்சர்வேடிவ் பிரிவு பெண்களையும் பத்தில் எண்ணலாம் என்று முடிவு செய்தது. ஆர்த்தடாக்ஸ் ஜெபாலயங்களில் பெண்ணைப் பத்தில் எண்ணுவது இன்றும் இல்லை.

பிறந்து 30 நாள் முடியாத குழந்தைக்கு ஷிவாவே கிடையாது. செத்துப் பிறந்த குழந்தைக்கும் கிடையாது. குழந்தைகள் பிறப்பதும் சாவதுமாக இருந்த காலத்தில், ஒவ்வொன்றுக்கும் ஏழு நாள் உட்கார்ந்தால் ஒரு தாய் வாழ்நாளில் எத்தனை தடவை உட்கார வேண்டியிருக்கும் என்ற இரக்கத்தில் அப்படி வைத்தார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். நடைமுறையில் அதன் விளைவு, பறிகொடுத்தவளுக்கு முக்காலி இல்லை, முட்டை இல்லை, திறந்த கதவு இல்லை. துக்கம் கேட்க வர வேண்டும் என்று யாருக்கும் கடமை இல்லாததால் பெரும்பாலோர் வரவில்லை. வந்தவர்கள், இன்னொன்று பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சட்டம் இருந்த இடத்தில் ஊரை வாய் மூட வைத்த அதே மரபு, சட்டம் இல்லாத இடத்தில் ஊர் வாய்க்கு வந்ததைப் பேச விட்டுவிட்டது. கடந்த சில பத்தாண்டுகளாகச் சீர்திருத்த, கன்சர்வேடிவ் ரபீக்களும், ஆர்த்தடாக்ஸ் ரபீக்களில் சிலரும் இந்தப் பெற்றோருக்கென்று பிரார்த்தனைகளும் சடங்குகளும் அமைத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்து அடக்கம் செய்யவும், சில நாள் வீட்டில் உட்காரவும், நண்பர்கள் சாப்பாட்டோடு வரவும் வழி செய்கிறார்கள். நேரம் குறித்துக் கதவு திறக்கும் வழக்கத்தையும் நடத்துநர் வைத்து நடக்கும் திரை ஷிவாவையும் நான் எவ்வளவு குறை சொன்னாலும், இந்த ஒன்றில் பழைய ஏட்டைவிட இன்றைய வழக்கமே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.